ஒச்சம்மாள் பாக்கி

புதூர் தொழிற்பேட்டையில்
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என் லேத் பட்டறை.
கடன் நோட்டில் எல்லோருக்கும் ஒரு பக்கம்.
ஒச்சம்மாளுக்கு மட்டும் பதினேழு.

முதல் பக்கம், தை மாதம்:
உருளை இரண்டு, பல் வெட்டிய கூலி எழுநூறு.
உசிலம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள்
மேசைமேல் பையைக் கவிழ்த்தாள்.
ஓடு நீக்கிய புளி.
"இதுல கொட்டைய மட்டும் எடுக்கணும்ணே.
சதை கிழியக் கூடாது."
சிரித்தேன், மறைக்காமலேயே.
"அதுக்குத்தான் கையும் சுத்தியலும் இருக்கே?"
இடது கையை விரித்துக் காட்டினாள்.
ஆள்காட்டி விரலில் நகம் இல்லை.

மாசி: உருளையில் புளி அப்பிக்கொண்டது.
மூன்று மணி நேரம் சுரண்டினோம்.
பட்டறைப் பையன் நக்கிப் பார்த்து
"உப்புப் பத்தல" என்றான்.
பங்குனி: கொட்டை நொறுங்கியது,
சதைக்குள் கறுப்புச் சில்லு.
கமிஷன் கடைக்காரர் வாயில் போட்டுக் கடித்துவிட்டு
கன்னத்தைப் பிடித்தபடி சொன்னாராம்,
"இதுல குழம்பு வச்சா
பல் டாக்டர்தான் பிழைப்பான்."
அழகர் ஆற்றில் இறங்கிய அன்று
தொழிற்பேட்டை முழுக்கப் பூட்டு.
என் ஷட்டரைத் தட்டியது
அவள்தான். கையில் வளைந்த ஷாஃப்ட்.

வங்கியில் கேட்டார்களாம், "படிப்பு?"
"அஞ்சாப்பு."
"வரைபடம்?"
பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள்
குளிக்கிற சோப்பு ஒன்றை.
நடுவில் கட்டைவிரல் அழுத்திய குழி.
மேலாளர் மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சோப்பு என்னிடம் வந்தது.
"இந்த வளைவு வேணும்ணே.
அமுக்கும்போது கொஞ்சம் விட்டும் கொடுக்கணும்.
பழத்துக்குப் பழம் கொட்டை வேறல்ல?"
வெர்னியரை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
முப்பது வருஷமாக இரும்பை அளக்கிறவனுக்கு
அளவு எங்கே தொடங்குகிறதென்றே பிடிபடவில்லை.

ஆடியில் அவள் தெருப் பெண்கள் யாரோ
இரவோடு இரவாகப் பெல்ட்டை அறுத்துப் போட்டார்கள்.
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி,
அதையும் இந்த மிஷின் தின்றுவிட்டால்?
யாரென்று அவளுக்குத் தெரியும்.
பெயர் சொல்லவில்லை.
"அவ பயமும் நெசந்தானே" என்றாள்.
பிறகு, "புதுப் பெல்ட் எவ்வளவு?"

ஒருமுறை கேட்டேவிட்டேன்:
விட்டுத் தொலைத்தால் என்ன?
இரும்புத் துருவலை ஊதித் தள்ளிவிட்டு
மரப்பெட்டிமேல் உட்கார்ந்தாள்.
"விட்டா மறுபடி கொட்டை தட்டப் போகணும்.
தட்டிக்கிட்டே இதைத்தானே நெனப்பேன்.
அப்ப விரல்லதான் அடி விழும்."

நேற்று ஓட்டினோம்.
லாரி டியூப் ரப்பரைச் சுற்றிய உருளை,
மேலே கடலெண்ணெய் சொட்டுகிற துணித் திரி.
தகர டின்னில் ஒரு கொட்டை விழுந்தது.
அப்புறம் ஒன்று.
அப்புறம் எண்ண முடியாமல்,
ஓட்டுக் கூரையில் கோடை மழை பிடித்தாற்போல.
பையன் கை தட்ட ஆரம்பித்தான்.
பதினோராவது நிமிஷம் பேரிங் இறுகிப்
புகை நாறியது.

ஒருவரும் பேசவில்லை.
அவள் டின்னைக் கவிழ்த்து
கல்யாண மொய் எண்ணுகிறவள் மாதிரி எண்ணினாள்.
"எரநூத்தி ஆறு. ஒடைஞ்சது ஒம்பது."
போன தடவை எத்தனை உடைந்தது என்று
நான் கேட்கவில்லை. கூட்டிப் பெருக்கியவன் நான்.
சூடு ஆறாத பேரிங்கை முந்தானையில் முடிந்துகொண்டு
ஆரப்பாளையத்துக்கு ஓடினாள், கடைசி பஸ் பிடிக்க.

பதினெட்டாம் பக்கம் திருப்பினேன்.
பேரிங் ஒன்று, முழு விலை.
குறைத்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவாள்,
ஒருதரம் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதில் இன்னொன்று அவளுக்கு இன்னும் தெரியாது.
பையன் அந்தச் சோப்பிலேயே கிரீஸ் கையைக் கழுவிவிட்டான்.
குழி பாதிக்குமேல் கரைந்து போயிற்று.
திட்டி என்ன ஆகப் போகிறது?
தெருமுனைக் கடையில் புதுக் கட்டி ஒன்று வாங்கி
நோட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்,
உறை பிரிக்காமல்.